தெக்வென் எடுத்துக்கொண்டு போன லாந்தர்

தெக்வென் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது பித்திக்கின் கடையில், ரொட்டிக்கு நின்றிருந்த ஒரு சனிக்கிழமை காலையில். சொன்னவள் லைசா சித்தி. என் அம்மாவும் லைசா சித்தியும் மேல்பண்ணை டேவிட்டின் மகள்கள். மூத்தவள் என் அம்மா, கடைக்குட்டி லைசா. லைசாவுக்கு இத்வல் ஒரே பிள்ளை. எனக்குத் தம்பி முறை.

"எங்க இத்வல் தெற்கே நிலக்கரிப் பக்கத்துலேர்ந்து ஒருத்தியக் கட்டிக்கிட்டு வரப்போறானாம். தெக்வென்னாம் பேரு. ஆட்டுக்கு வாய் எது வால் எதுன்னு தெரியாதவ. முதல் பனி விழட்டும், பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடிடுவா பாரு" என்றாள் சித்தி.

பித்திக் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே, "உன் மகன் மூஞ்சியப் பார்த்துட்டும் சரின்னு சொல்லியிருக்கா. அவளா பனிக்குப் பயப்படப் போறா?" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தோம். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

வந்தவள் குள்ளமாக, கறுத்த முடியோடு, சத்தமாகப் பேசுகிறவளாக இருந்தாள். பனிக்கு ஓடவில்லை. சித்தியை அவள் போய்ச் சேருகிறவரைக்கும் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டாள். பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம். எங்கள் ஊர் ஒரே வரிசை வீடு. மலையடியில், ரோட்டோரமாக, கீழே பாலத்திலிருந்து மேலே சேப்பல் என்கிற எங்கள் ஜெபக்கூடம் வரைக்கும். சேப்பலை ஒட்டிய கடைசி வீடு அவர்களுடையது. அதற்கு முந்தியது என்னுடையது. அந்தச் சுவர் வழியாக அவள் தும்மினால் எனக்குக் கேட்கும்.

எங்கள் பள்ளத்தாக்கில் அப்போதுதான் மாதப் பத்திரிகை ஒன்று தொடங்கியிருந்தார்கள். வெளியூர்ப் பத்திரிகைக்காரனுக்கு எங்கள் பக்கத்தில் யார் பெற்றாள், யார் செத்தார், யாருக்கு இடுப்பு ஆபரேஷன் என்பதில் என்ன அக்கறை? அதனால் நாங்களே எழுதி, நாங்களே அச்சடிக்கக் கொடுத்து, சேப்பலின் பின்னறையில் உட்கார்ந்து நாங்களே மடித்து வீடு வீடாகப் போடுவது. ஊருக்கு ஒருவர் சேதி எழுத வேண்டும். எங்கள் ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. எழுதிவிட்டு நாளைக்கு அதே ரோட்டில் நடக்க வேண்டாமா? கூலி கிடையாது, வசவு மட்டும் உண்டு. கடைசியில், "வெளியூர்க்காரிதானே, அவளுக்கு வசவு ஒட்டாது" என்று தெக்வென் தலையில் கட்டினார்கள்.

அவளுக்கு ஒரு குணம். உள்ளதைத்தான் எழுதுவாள். கண்காட்சியில் எலியாஸ் பியூவின் ஆட்டுக்கடாவுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. எலியாஸ் பியூ எங்கள் சேப்பலின் மூப்பர், ஊரில் எதற்கும் முதல் நாற்காலி அவருக்குத்தான். தெக்வென் எழுதினாள்: "எலியாஸ் பியூ அவர்களின் கடா மூன்றாம் பரிசு பெற்றது. போட்டிக்கு வந்த கடாக்கள் மூன்று."

ஊரே ஒரு மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தபால்கார வில், எலியாஸின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் மூன்று விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான். எலியாஸ் அதற்கப்புறம் தெக்வென் முகத்தைப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சேப்பல் வாசலில் எல்லோருக்கும் கை கொடுப்பார், அவள் வரும்போது கையுறையைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

"ஒரு வரியை விட்டிருந்தா என்னடி?" என்று நான் கேட்டேன்.

"நாலு கடா வந்துச்சுன்னு எழுதவா நெஸ்டா? அந்த நாலாவது கடா யாரு, நானா?" என்றாள்.

இதெல்லாம் எண்பத்திரண்டாம் வருஷத்துப் பனிக்கு முன்னால்.

அந்தப் பனி எங்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜனவரியில் விழுந்தது. வேலிகள் மறைந்தன. ரோடு எது வயல் எது என்று தெரியவில்லை. மின்சாரம் போயிற்று, டெலிபோன் போயிற்று. அதற்கு நடுவில் எலியாஸின் தாயார் மார்கெட் பியூ இறந்துபோனாள். தொண்ணூற்றொரு வயது, நல்ல சாவு. ஆனால் போதகர் வர வழியில்லை, கல்லறை தோண்டக் கடப்பாரை இறங்கவில்லை. பெட்டியை முன்னறையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

எங்கள் வரிசையில் சாவு விழுந்தால் எல்லா வீட்டிலும் திரைச்சீலையை இழுத்து மூடிவிட வேண்டும். பகலானாலும் சரி, பகையாளி வீட்டுச் சாவானாலும் சரி. உடலை மண்ணில் வைத்த பிறகு, செத்த வீட்டில் முதலில் திறப்பார்கள். அப்புறம்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். என் சிறு வயதில் பாலத்து வீட்டுக்காரி மறதியாகச் சமையலறைத் திரையைத் திறந்து வைத்துவிட்டாள் என்று இரண்டு குடும்பம் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தது. ஆகவே அந்தப் பனியில் ஊர் முழுக்கத் திரை மூடிக் கிடந்தது. தெரு விளக்கும் இல்லை. உள்ளே நாங்கள் மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்குமாக உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் ஊரே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் இத்வல் மலைக்குப் போனான். மலைச்சுவருக்குப் பின்னால் அவனுடைய ஆடுகள் பனியில் புதைந்து கிடந்தன. நாய் பேரோவைக் கூட்டிக்கொண்டு, நீளக் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். "சாப்பாட்டுக்குள்ள வந்துடுவேன்" என்றான். போன கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பிவிட்டது. கீழே இருந்த பனியையே கிளப்பி மேலே அடித்தது. முற்றத்தில் நின்றால் கை நீட்டிய தூரத்தில் இருக்கும் கோழிக்கூடு தெரியவில்லை.

மத்தியானம் வில்லும் இன்னும் நாலைந்து ஆண்களும் கயிறு கட்டிக்கொண்டு தேடிப் போனார்கள். ஆட்டுப்பட்டியைத் தாண்ட முடியவில்லை. முகமெல்லாம் வெந்ததுபோலச் சிவந்து திரும்பி வந்தார்கள். வில் என் அடுப்பருகே நின்று, தெக்வெனைப் பார்க்காமல், தொப்பியைப் பார்த்துக்கொண்டு, "எங்கயாவது சுவர் மறைவுல ஒதுங்கியிருப்பான்மா. மலை தெரிஞ்சவன்" என்றான்.

"மலைக்கு இவரைத் தெரியுமா வில்?" என்று தெக்வென் கேட்டாள்.

மலையிலிருந்து இறங்குகிறவனுக்கு ஊர் விளக்குதான் வழி. ஒரு பக்கம் பழைய ஈயச் சுரங்கத்துக் குழிகள், மூடி இல்லாமல் கிடக்கும். இன்னொரு பக்கம் சேற்று நிலம், மாட்டையே விழுங்கியது. நடுவில் அந்தக் காலத்தில் அடுப்புக்குக் கரிமண் வெட்டிக்கொண்டு வந்த பாதை. வரிசை விளக்கு முழுசும் தெரிந்தால் பாதையில் இருக்கிறாய். சேப்பல் பக்கத்து விளக்கு மறைந்தால் சேற்றுக்குப் போகிறாய். பாலத்துப் பக்கத்து விளக்கு மறைந்தால் குழிக்குப் போகிறாய். எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். அன்றைக்கு மறைவதற்கும் விளக்கு இல்லை.

மூன்று மணிக்கே இருட்ட ஆரம்பித்தது. தெக்வென் எழுந்து தன் வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். மலையைப் பார்த்த ஜன்னல் திரையை இரண்டு பக்கமும் இழுத்துத் திறந்தாள். மேஜை விளக்கை ஜன்னலில் வைத்தாள்.

அந்தத் திரை திறந்த சத்தம் ஊருக்கே கேட்டதோ என்னவோ, சிறிது நேரத்தில் வில்லின் மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

"தெக்வென் கண்ணு, உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா மார்கெட் இன்னும் மண்ணுக்குப் போகலையே. எலியாஸ் பார்த்தா..."

"பார்க்கட்டும். அவர் பார்க்கிற தூரத்துக்கு வெளிச்சம் போகுதுன்னா, இன்னும் கொஞ்சம் மேலயும் போகும்."

வில்லின் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் போய்விட்டாள். அவள் வீட்டுத் திரை அசையவில்லை.

இருட்டு நன்றாக விழுந்ததும் காற்று நின்றது. அப்படித்தான் நிற்கும், கதவைச் சாத்தினதுபோல. அதற்கப்புறம் வந்த குளிர் காற்றைவிட மோசம். நானும் அவளும் பின்வாசலில் நின்று கேட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மலையில் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. ஒரே ஒரு தடவை.

"பேரோ" என்றாள்.

லாந்தரைக் கொளுத்த மூன்று தீக்குச்சி செலவானது. கல்லறைத் தோட்டத்து வாசல் வழியாக, அங்கே நிற்கும் யூ என்கிற பழைய ஊசியிலை மரத்துக்குக் கீழேதான் கரிமண் பாதைக்கு ஏற வேண்டும். அங்கே பனி ஆள் உயரத்துக்கு அடைத்துக் கிடந்தது. ஆகவே அவள் வீட்டுப் பின்சுவரில் ஏறிக் குதித்து, வயல் வழியாகச் சுற்றி, ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் பாதையைப் பிடித்தோம். அவள் முன்னால், நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால். இடுப்பளவு பனி. மூச்சு விட்டால் மூக்கு முடியில் உறைந்தது. லாந்தர் வெளிச்சம் எங்களைச் சுற்றி ஒரு பாய் அளவுக்குத்தான் இருந்தது. அதற்கு வெளியே என்ன நிற்கிறது என்று தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே அவள் ஜன்னல் விளக்கு இருக்கும் என்று தெரியும், ஆனாலும் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம்தான்.

மறுபடி நாய் குரைத்தது. இந்தத் தடவை கிட்டத்தில். மேலேயிருந்து நேராக எங்களைப் பார்த்து இறங்கி வருகிற குரைப்பு.

"இத்வல்! இங்க! இங்க பாருங்க!" என்று அவள் கத்தினாள். லாந்தரைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். பனி அவள் குரலை வாங்கி வைத்துக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் போயிருக்காது.

குரைப்பு நின்றது. நாங்கள் காத்திருந்தோம். அப்புறம் திரும்பவும் கேட்டது, தூரத்தில். இன்னொரு தடவை கேட்டது, இன்னும் தூரத்தில்.

"ஏன் தூரமாப் போகுது நெஸ்டா? விளக்கைப் பார்த்துட்டுத்தானே இருப்பாரு? ஏன் அந்தப் பக்கம் போறாரு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் நிலக்கரிப் பக்கத்துக்காரி, அவளுக்கு எப்படித் தெரியும்? நான் லைசா சித்தியின் மடியில் படுத்து வளர்ந்தவள்.

எங்கள் பக்கத்தில் பிண விளக்கு என்று ஒன்று உண்டு. சாவுக்கு முன்னால் ஒற்றை வெளிச்சம் கல்லறையிலிருந்து புறப்பட்டு, தரைக்குச் சற்று மேலே, மெதுவாக, சாகப்போகிறவனைத் தேடி வரும். எந்தப் பாதையில் வருகிறதோ அந்தப் பாதையில் அவன் பெட்டி போகும். எதிர்ப்பட்டவன் ஒதுங்கிவிட வேண்டும், குறுக்கே போகக் கூடாது. லைசா சித்தி அதைக் கண்ணால் பார்த்தவள். அவள் புருஷன் கல்லுடைக்கும் இடத்தில் நசுங்கிச் செத்ததற்கு முந்தின வாரம் சேப்பல் பக்கத்திலிருந்து வெளிச்சம் ஒன்று வந்து தன் வீட்டுப் படியில் நின்றது என்பாள். இத்வல் அப்போது கைக்குழந்தை. அவன் பாலோடு குடித்த கதை அது. ஒரு ஜன்னல் தவிர ஊர் முழுக்க இருட்டிக் கிடக்கிறது, ஒற்றை விளக்கு மட்டும் சேப்பல் பக்கத்திலிருந்து ஆடி ஆடி அவனைப் பார்த்து ஏறுகிறது. அவன் என்ன நினைப்பான்?

"தெக்வென், அதை அணை" என்றேன்.

"என்ன?"

"லாந்தரை அணை. அவன் உன்னைப் பார்த்து ஓடுறான். உன்னை இல்ல, இந்த வெளிச்சத்தை. சாவு தன்னைத் தேடி வருதுன்னு ஓடுறான். லைசா சொன்ன கதை."

அவள் என்னையே பார்த்தாள். லாந்தர் வெளிச்சத்தில் அவள் முகம் கிழவி முகமாக இருந்தது. "இத அணைச்சுட்டா அந்த ஒரு ஜன்னல்தானே மிச்சம்? அத வச்சு அவருக்கு வழி தெரியாதே" என்றாள்.

"இது தெரியாம இருந்தா நிப்பான். தெரிஞ்சா ஓடுவான். ஓடுற பக்கம் சேறு."

அவள் திரியை இறக்கினாள். அந்த இருட்டை நான் எப்படிச் சொல்ல? மலையைப் பார்த்து நின்ற எனக்குக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றாக இருந்தது. அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. இரண்டு பிள்ளை பெற்றபோதும் இல்லை.

"ஒரு விளக்குன்னாதானே பிண விளக்கு?" என்று இருட்டிலிருந்து கேட்டாள். "ஊர் முழுக்க எரிஞ்சா?"

"ஊர் முழுக்க எரிஞ்சா அது ஊரு."

அவ்வளவுதான். என்னை விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். விழுந்து எழுந்து ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் அவள் போட்ட தடத்தில் தவழ்ந்து வந்தேன்.

நான் எலியாஸ் வீட்டை அடைந்தபோது அவள் முன்னறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பாவாடையிலிருந்து மார்பு வரைக்கும் பனி. பெட்டி இரண்டு நாற்காலி மேல் இருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு விளக்கு. எலியாஸ் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"என்னம்மா இது, கதவைத் தட்டாம?"

"திரையைத் திறங்க மிஸ்டர் பியூ. நீங்க திறந்தாத்தான் மத்தவங்க திறப்பாங்க. எல்லா ஜன்னல்லயும் விளக்கு வேணும். அவர் உசுரோட இருக்காரு. நாய் குரைச்சதை ரெண்டு பேரும் கேட்டோம். என் லாந்தரைப் பார்த்து, சாவுன்னு நினைச்சு ஓடுறாரு."

"அம்மா இன்னும் பெட்டியில இருக்கா."

"அவங்களுக்கு இருட்டு போதும் மிஸ்டர் பியூ. அவங்க இனி எங்கயும் நடந்து வர வேண்டியதில்ல. இவரு வரணும்."

எலியாஸ் அசையவில்லை. அவர் வாய் ஓரம் துடித்தது. துக்கமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"என் கடாவைப் பத்தி எழுதினவ நீ" என்றார். அந்த நேரத்தில் அதை ஏன் சொன்னார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மனுஷனுக்கு எந்தப் புண் எப்போது வலிக்கும் என்று யார் கண்டது?

ஒரு வார்த்தை, தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் அவள் பின்னால் நின்று மனசுக்குள் வேண்டினேன்: சொல்லுடி, சொல்லித் தொலை.

"மூணு கடாதானே வந்துச்சு மிஸ்டர் பியூ" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

எலியாஸ் அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. "அம்மாவும் அதையேதான் சொன்னா" என்றார். "பத்திரிகைய மடியில வச்சுக்கிட்டு, 'எலியாஸ், மூணுதானேடா வந்துச்சு'ன்னு. எந்தப் பக்கம் குரைச்சுது?"

"சேத்துப் பக்கம்."

திரையைக் கையால் விலக்கவில்லை அவர். கம்பியோடு பிடுங்கி எறிந்தார். தாயின் தலைமாட்டு விளக்கை எடுத்து ஜன்னலில் வைத்தார். தொப்பி இல்லாமல் ரோட்டில் இறங்கி, கதவு கதவாகக் கையால் அடித்துக்கொண்டு போனார். "திறங்க! எல்லாத்தையும் திறங்க! இருக்கிற விளக்கை எல்லாம் வைங்க! மார்கெட் பியூவோட மகன் சொல்றேன்!"

நான் ரோட்டு நடுவில் நின்று பார்த்தேன். பாலத்து வீட்டில் முதலில், அப்புறம் கடையில், அப்புறம் வில் வீட்டில் மாடியும் கீழுமாக, ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் வந்தது. பித்திக் கடையில் இருந்த மெழுகுவத்தி எல்லாவற்றையும் பிரித்து ஜாம் பாட்டில்களில் நட்டு வைத்தாள். சேப்பலைக்கூடத் திறந்து பிரசங்க மேடை விளக்கைக் கொளுத்தினார்கள்.

அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. எல்லோரும் பின்சுவரோரம் வந்து நின்றோம். நாய் குரைக்கவில்லை. ஒரு ஜாம் பாட்டில் மெழுகுவத்தி அணைந்ததும் பித்திக் ஓடிப்போய் வேறு ஏற்றினாள். "என்னோடது அணைஞ்சா என்ன அர்த்தம்?" என்று வில்லின் மனைவி ஆரம்பித்தாள். "வாய மூடு" என்றான் வில். தெக்வென் சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றாள். கையுறை இல்லை. நான் என் கையை அவள் கை மேல் வைத்தேன். கல்லும் கையும் ஒரே குளிராக இருந்தன.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். முதலில் வந்தது பேரோ. குரைக்காமல், இருட்டிலிருந்து தானாக உருவானதுபோல வந்து, அவள் காலில் விழுந்தது. யாரும் நகரவில்லை. நாய் மட்டும் வந்தால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு வில்தான் முதலில் பார்த்தான். கழியை ஊன்றிக்கொண்டு, குடிகாரன் மாதிரி, ஒருவன் வயலில் வந்துகொண்டிருந்தான்.

அடுப்பருகே உட்காரவைத்துக் காலணியை அறுத்து எடுத்தோம். அவன் பல் அடித்துக்கொண்டது. முதலில் பேசியது இதுதான்: "அது வந்துச்சு. கல்லறை வாசல்லேர்ந்து வெளிய வந்துச்சு. யூ மரத்துக்குக் கீழ மறைஞ்சு, மறுபடி தெரிஞ்சு, சுவரோரமாவே மேல ஏறி வந்துச்சு. அப்புறம் அணைஞ்சு போச்சு. அணைஞ்சதும் நின்னேன். ஒரு கால் சேத்துல இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா ஊரு இருந்துச்சு."

"அது நான்தாங்க. லாந்தரோட நான்தான் வந்தேன்" என்றாள் தெக்வென்.

"நீயா? கல்லறை வாசல் வழியாவா?"

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். கல்லறை வாசல் பக்கமே நாங்கள் போகவில்லை. யூ மரத்துக்குக் கீழே எங்கள் தடம் கிடையாது. மறுநாள் நானே போய்ப் பார்த்தேன், பனி வழித்த பலகைபோல இருந்தது.

"ஆமா. அந்த வழியாத்தான் வந்தேன்" என்றாள்.

அவனுக்குக் கால்விரல் மூன்று போயின. பனி விட்டு அடுத்த மாதப் பத்திரிகை வந்தபோது மார்கெட் பியூவின் சாவைப் பற்றி நன்றாக எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி: "இத்வல் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார்." சேப்பல் வாசலில் எலியாஸ் அவளுக்குக் கை கொடுத்தார். இத்வலைப் பார்த்து, "மூணு விரலாமே? எத்தனையில மூணு?" என்று கேட்டார். ஊர் அதற்கும் ஒரு மாதம் சிரித்தது.

ஆனால் இத்வல் அந்த மலையிலிருந்து முழுசாக இறங்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். அது தனக்காக வந்த விளக்கு, வழியில் அணைந்தது, எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றப்படும் என்ற நினைப்பு அவனை விடவில்லை. இருட்டினால் சேப்பல் பக்கம் போகமாட்டான். ரோட்டில் சைக்கிள் விளக்கு ஒன்று வந்தால் உள்ளே போய்விடுவான். ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கு வைக்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்கும்.

"நீதானே வந்தே தெக்வென்?"

"நான்தாங்க வந்தேன்."

"வாசல் வழியா?"

"வாசல் வழியா. யூ மரத்துக்குக் கீழ. லாந்தர் ஆடிச்சு, ஞாபகமில்ல?"

இருபத்தேழு வருஷம். ஒரு கடாவுக்காக ஊர் மூப்பரிடம் பொய் சொல்லாதவள், ஒவ்வொரு சாயங்காலமும் இதைச் சொன்னாள். அவன் நம்புகிறவரைக்கும் குரலை ஏற்றி இறக்கிச் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் அவள் தன் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் பயம் இருந்தது. அவனுக்குப் பயத்தைச் சொல்ல ஓர் ஆள் இருந்தாள். அவளுக்கு நான் மட்டும்தான். என்னிடம் அவள் அதைப் பற்றிப் பேசியது ஒரே தடவை, பத்திரிகை மடித்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல்.

"நெஸ்டா, நீங்க அன்னிக்குப் பின்னால திரும்பிப் பார்த்தீங்களா?"

"இல்லடி. சத்தியமா இல்ல."

"நானும் பார்க்கல" என்றாள். அடுத்த தாளை எடுத்து மடித்தாள்.

இத்வல் படுக்கையில்தான் செத்தான், தூக்கத்தில், எழுபத்தெட்டு வயதில். திரையை என்ன செய்வது என்று வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் வந்து கேட்டார்கள். நான் அவளிடம் கேட்டேன். "திறந்தே இருக்கட்டும்" என்றாள். அவன் பெட்டி வீட்டில் இருந்த இரண்டு ராத்திரியும் வரிசை முழுக்க விளக்கு எரிந்தது. அவனைக் கல்லறை வாசல் வழியாக, யூ மரத்துக்குக் கீழே தூக்கிக்கொண்டு போனோம். உள்ளே போக வேறு வாசல் கிடையாது.

அதற்கப்புறமும் சில வருஷம் ஊர்ச் சேதி எழுதினாள். கண் மங்கியதும் விட்டுவிட்டாள். தெக்வென் இப்போது பாலத்துக்கு அப்பால் இருக்கும் முதியோர் இல்லத்தில், கீழ்த்தளத்தில், ரோட்டைப் பார்த்த அறையில் இருக்கிறாள்.